ஜெயிக்கிற ஆட்டம் கடைசி நிமிஷத்தில் கைவிட்டுப் போவது ஏன்? சதுரங்க ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓபன் டோர்னமென்ட் விளையாடுகிறவர்களும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே விஷயத்தைத்தான். போர்டில் நல்ல நிலை, காய் கூடுதல், ஆனால் கடிகாரத்தில் நேரம் இல்லை. அந்த அவசரத்தில் எல்லாம் போய்விடுகிறது. டைம் ட்ரபிள் என்று நாம் சொல்லும் இந்தச் சிக்கலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜெயிக்கிற நிலையில் இருந்தும் ஏன் தோற்கிறோம்?

என் ஆட்டம் ஒன்றையே சொல்கிறேன். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடுதல். எனக்கு வெள்ளை. 18-ஆவது நகர்வில் இரண்டு வழி இருந்தது: குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டலாம், அல்லது இரண்டு யானைகளையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தலாம். இரண்டுமே நல்லதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஆனாலும் எது இன்னும் நல்லது என்று 24 நிமிடம் யோசித்தேன். கடைசியில் ஆடியது, முதல் நிமிஷத்தில் தோன்றிய அதே நகர்வைத்தான்.

36-ஆவது நகர்வுக்கு வந்தபோது ஒரு குதிரை கூடுதலாக இருந்தது. கடிகாரத்தில் 40 வினாடி. என் ராஜா ஜி1-இல் (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்). அதன் முன்னால் எஃப்2, ஜி2, ஹெச்2 சிப்பாய்கள் மூன்றும் ஆட்டம் தொடங்கியதிலிருந்து அசையவே இல்லை. குதிரை இ5-இல், யானை ஏ1-இல். எதிராளியின் ஏ7 சிப்பாய்க்குக் காவல் இல்லை, நடுவில் தடையும் இல்லை. யானையை எடுத்து அதை வெட்டினேன், கடிகாரத்தை அழுத்தினேன். அவருடைய யானை சி8-இலிருந்து நேராக சி1-க்கு இறங்கியது. செக்மேட். காயை வைத்துவிட்டு அவரே ஒரு கணம் என்னைப் பார்த்தார், அப்புறம்தான் கடிகாரத்தை அழுத்தினார்.

அந்த நகர்வுக்கு முன்னால் எப்போதாவது ஹெச்3 ஆடியிருந்தால், அதாவது ஹெச்2 சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் போதும். ராஜாவுக்கு மூச்சுவிட ஒரு கட்டம் கிடைத்திருக்கும். அதை ஆட இரண்டு வினாடி ஆகும். வீட்டுக்கு வந்து இன்ஜினில், அதாவது ஆட்டத்தை அலசும் கணினி நிரலில், போட்டுப் பார்த்தேன். 18-ஆவது நகர்வில் நான் 24 நிமிடம் எடைபோட்ட இரண்டு வழிகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான்.

எனவே அந்த ஆட்டம் 36-இல் போகவில்லை, 18-இல் போனது என்றுதான் நான் நம்புகிறேன். என்னிடம் வருகிற பெரும்பாலான ஸ்கோர்ஷீட்களிலும் (நகர்வுகளை எழுதும் தாள்) இதே கதைதான் இருக்கிறது. கடைசி நிமிஷத் தவறு எல்லோர் கண்ணிலும் படும். அதற்குக் காரணமான அந்த நீண்ட யோசனை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அவசரத்தில் நாம் காய் போய்ச் சேரும் கட்டத்தை மட்டும் பார்க்கிறோம். அது கிளம்பிய கட்டத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்ப்பதில்லை. என் யானை ஏ1-இல் சும்மா நிற்கவில்லை, முதல் வரிசை முழுவதையும் காத்துக்கொண்டிருந்தது.

முன்னால் இருக்கிறவருக்கே ஏன் நேரம் தீர்கிறது?

தோற்கும் நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நகர்வுகள்தான் மிச்சம். செக் வந்தால் ராஜாவை நகர்த்த வேண்டும், அடி வந்தால் காயைக் காக்க வேண்டும். யோசிக்க அதிகம் இல்லை. ஜெயிப்பவருக்கோ நாலைந்து நல்ல வழி கண்ணில் படும். அதில் சிறந்ததைத் தேட ஆரம்பித்தால் நேரம் கரையும். கையில் இருக்கிற வெற்றியைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இப்படி நடக்குமா?

நடக்கும். 2025 ஜூன் 1 அன்று நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் நடந்ததைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நார்வே செஸ் போட்டியின் 6-ஆவது சுற்று. அப்போதைய உலகச் சாம்பியன் குகேஷ் வெள்ளை, முன்னாள் உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் கறுப்பு. முதல் சுற்றில் இதே குகேஷைக் கார்ல்சன் வென்றிருந்தார். இந்த ஆட்டத்திலும் வெகுநேரம் கார்ல்சன் கைதான் ஓங்கியிருந்தது, வெற்றி நிலை என்றே சொல்லலாம். குகேஷ் எழுந்து போகாமல் ஒவ்வொரு நகர்விலும் ஏதாவது ஒரு சிக்கலை முன்னால் வைத்துக்கொண்டே இருந்தார். இருவருக்கும் நேரம் தீர்ந்துகொண்டு வந்தது. 52-ஆவது நகர்வில் கார்ல்சன் குதிரையால் ஒரு செக் கொடுத்தார். அதுதான் தவறு. அந்த ஒரு நகர்வில் ஆட்டம் அப்படியே திரும்பி, 62 நகர்வில் குகேஷ் வென்றார். கிளாசிக்கல் எனப்படும் நீண்ட நேர ஆட்டத்தில் கார்ல்சனை அவர் வென்றது அதுதான் முதல் முறை. 19 வயது நிறைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கார்ல்சன் மேஜையில் ஓங்கிக் குத்தினார், காய்கள் எகிறின. நூறு தடவை விளையாடினால் 99 தடவை தோற்றிருக்க வேண்டிய நிலை என்று ஆட்டம் முடிந்ததும் குகேஷே சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் போட்டியின் நேரக்கணக்கு. ஆளுக்கு 120 நிமிடம். முதல் 40 நகர்வுவரை ஒரு வினாடிகூடச் சேராது. 41-லிருந்து நகர்வுக்கு 10 வினாடிதான். வேறு பல பெரிய போட்டிகளில் 40 நகர்வைத் தாண்டியதும் 30 நிமிடமோ ஒரு மணி நேரமோ சேரும், மூச்சு வாங்கலாம். இங்கே அது கிடையாது. 52-ஆவது நகர்வில் உட்கார்ந்திருப்பவருக்கு நிஜமாகவே வினாடிகள்தான் கையில் இருக்கும்.

அதே போட்டியின் கடைசிச் சுற்றில் இது குகேஷுக்குத் திரும்பி வந்தது. அமெரிக்காவின் கருவானாவுக்கு எதிராகக் கஷ்டமான நிலையிலிருந்து போராடி மீண்டு வந்தவர், நேர நெருக்கடியில் தவறு செய்து தோற்றார். போட்டியைக் கார்ல்சன் வென்றார்.

2021-இல் துபாயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 6-ஆவது ஆட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். 136 நகர்வு, உலகச் சாம்பியன் போட்டிகளின் வரலாற்றிலேயே நீளமான ஆட்டம். 40-ஆவது நகர்வை நெருங்கும்போது கார்ல்சன், நெப்போம்நியாச்சி இருவருமே நேரமின்றித் தவித்து, மாறி மாறி வாய்ப்பைத் தவறவிட்டார்கள். பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால் கிளப் ஆட்டக்காரர்கள்கூட நின்று யோசிக்கும் இடங்கள் அவை.

நகர்வுக்கு 30 வினாடி சேருகிறதே, அப்புறம் என்ன பயம்?

இந்தக் கூடுதல் நேரத்தை இன்கிரிமென்ட் என்கிறோம். இப்படி ஒரு கடிகாரத்துக்கு முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1988-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1992-இல் ஸ்பாஸ்கியோடு அவர் மறுபடி மோதியபோது அந்தக் கடிகாரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். ஜெயித்த நிலையில் இருப்பவர் வெறும் கடிகாரத்தால் தோற்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அருமையான ஏற்பாடு.

ஆனால் 30 வினாடி என்பது நகர்வைக் கண்டுபிடிக்க, காயை வைக்க, கடிகாரத்தை அழுத்த, ஸ்கோர்ஷீட்டில் எழுத என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து. யோசிக்க மிஞ்சுவது 20 வினாடி. அதிலேயே 15, 20 நகர்வு தொடர்ந்து ஆடினால் மனசு களைத்துவிடும். கொடி விழாமல், அதாவது நேரம் தீர்ந்துபோகாமல், இன்கிரிமென்ட் காப்பாற்றும். தவறான நகர்விலிருந்து அது காப்பாற்றாது.

ஒரு நகர்வுக்கு எவ்வளவு நேரம் எடுக்கலாம்?

கணக்கைப் பாருங்கள். 90 நிமிடமும் 30 வினாடி இன்கிரிமென்ட்டும் என்றால், 40 நகர்வில் 20 நிமிடம் கூடுதலாகச் சேரும். மொத்தம் 110 நிமிடம். நகர்வுக்கு 2 நிமிடம் 45 வினாடி. தொடக்கத்தில் தெரிந்த பத்துப் பன்னிரண்டு நகர்வுகளை வேகமாக ஆடிவிட்டால், நடு ஆட்டத்தில் இரண்டு தடவை பத்து நிமிடம் உட்கார்ந்து யோசிக்கலாம். மூன்றாவது தடவை உட்காருவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

நான் என் மாணவர்களிடம் கட்டாயமாகச் சொல்வது ஒன்று உண்டு. ஸ்கோர்ஷீட்டில் நகர்வை எழுதும்போது, பக்கத்தில் மிச்ச நிமிடத்தையும் எழுதுங்கள். விதிப்படி அது அனுமதிக்கப்பட்டதுதான். 71, 70, 66, 42 என்று எழுதிக்கொண்டே வரும்போது, 66-க்கும் 42-க்கும் நடுவே இருக்கிற பள்ளம் உங்களுக்கே தெரியும். ஆட்டம் முடிந்ததும் தவறான நகர்வை விட்டுவிட்டு முதலில் அந்தப் பள்ளத்தைத் தேடுங்கள். அந்த இடத்தில் உண்மையிலேயே முடிவெடுக்க வேண்டிய விஷயம் இருந்ததா, இல்லை இரண்டு நல்ல வழிகளுக்கு நடுவே சும்மா தவித்தோமா? பத்து ஆட்டத்துக்கு இதைச் செய்து பார்த்தால், உங்கள் நேரம் எங்கே போகிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். சிலருக்குத் தொடக்கத்திலேயே போகிறது. சிலருக்குக் காய்களை மாற்றிக்கொள்ளலாமா வேண்டாமா என்ற இடத்தில். எனக்கு, நிலை நன்றாக இருக்கும்போதுதான்.

சரி, ஜெயிக்கிற நிலை, கையில் ஒரு நிமிஷம்தான். இப்போது என்ன செய்வது?

முதலில் கையைத் தொடையின் மேல் வையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நேரம் குறைந்தவுடன் கை போர்டின் மேல் போய்த் தொங்க ஆரம்பிக்கும், காயைத் தொட்டுவிடும். தொட்டால் ஆட வேண்டும் என்பது விதி.

அடுத்தது, அழகான வழியை விடுங்கள். 12 நகர்வில் மேட் தெரிகிறதா, இல்லை ராணிகளை மாற்றிக்கொண்டு ஒரு குதிரை கூடுதலோடு நிதானமாகப் போகலாமா என்றால், மாற்றிக்கொள்ளுங்கள். எதிராளியிடம் ராணி இல்லாவிட்டால் உங்களை ஏமாற்ற அவருக்கு வழிகள் குறையும். சிப்பாய்களை மட்டும் கண்டபடி மாற்றாதீர்கள். ராணியாக மாற ஒரு சிப்பாயாவது வேண்டும். ஒற்றைக் குதிரையையோ ஒற்றை பிஷப்பையோ வைத்துக்கொண்டு மேட் கட்ட முடியாது.

ராஜாவுக்குக் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வேறு அவசரம் எதுவும் இல்லாத நகர்வில் ஹெச்3 ஆடிவிடுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு நகர்வுக்கு முன்னாலும் ஒரே ஒரு கேள்வி போதும்: இதை நான் ஆடினால் அவர் என்ன செக் கொடுக்க முடியும், எதை வெட்ட முடியும்? ஐந்து வினாடியில் பார்த்துவிடலாம். முழுக் கணக்கையும் போட நேரம் இருக்காது. ஆனால் ஒரே நகர்வில் காயைப் பறிகொடுப்பதையும் மேட் ஆவதையும் இந்த ஒரு கேள்வி தடுத்துவிடும்.

இன்கிரிமென்ட் இருக்கும் ஆட்டத்தில் நேரம் சேர்க்க ஒரு வழி உண்டு. ஒரு செக் கொடுத்து, ராஜா நகர்ந்ததும் இன்னொரு செக் கொடுத்து, அதே நிலைக்குத் திரும்பி வருவது. ஒவ்வொன்றையும் ஐந்து வினாடியில் ஆடினால் இரண்டு நகர்வில் 50 வினாடி சேர்ந்துவிடும். ஆனால் எண்ணிக்கை முக்கியம். ஒரே நிலை மூன்றாவது தடவை வந்தால் எதிராளி டிரா கோரலாம். ஒரு தடவை திரும்பி வாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்டேல்மேட். எதிராளியிடம் ராஜா மட்டும்தான் இருக்கிறது, நம்மிடம் ராணி, நேரம் பத்து வினாடி. பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. அவருடைய ராஜா ஹெச்8 மூலையில் இருக்கும்போது உங்கள் ராணியை ஜி6-இல் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி8, ஜி7, ஹெச்7 மூன்றையும் ராணி பார்க்கிறது, ஆனால் ஹெச்8-ஐப் பார்க்கவில்லை. செக் இல்லை, நகரவும் இடமில்லை. டிரா. நினைவில் வைக்கச் சுலபமான அடையாளம்: மூலையில் இருக்கிற ராஜாவிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் தனி ராணி போய் நிற்கக் கூடாது.

எந்த எண்ட்கேம்கள் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) யோசிக்காமலே வர வேண்டும்?

ராணியோடு மேட், ஒற்றை யானையோடு மேட், நம்மிடம் ராஜாவும் சிப்பாயும், எதிராளியிடம் ராஜா மட்டும் இருக்கும் நிலை. இவற்றைப் பத்து வினாடி கடிகாரத்தில் வீட்டில் ஆடிப் பழக வேண்டும். அப்புறம் யானை எண்ட்கேமில் பாலம் கட்டும் முறை. லுசேனா நிலை என்பார்கள். உங்கள் சிப்பாய் ஏழாவது வரிசையில் ஜி7-இல், ராஜா அதன் முன்னால் ஜி8-இல், யானை எஃப்1-இல். எதிராளியின் ராஜா இ7-இல், யானை ஹெச்2-இல் நின்று உங்கள் ராஜாவை வெளியே விடாமல் அடைத்திருக்கிறது. இ1-இல் யானை செக், அவர் ராஜா டி7-க்கு விலகியதும் யானையை இ4-க்கு ஏற்றுங்கள். இனி உங்கள் ராஜா எஃப்7 வழியாக வெளியே வரும். பக்கவாட்டிலும் பின்னாலும் அவர் கொடுக்கும் செக்குகளுக்கு விலகிக்கொண்டே ஜி5 வரை இறங்கி வந்ததும், யானையை ஜி4-இல் குறுக்கே வைத்தால் செக் நின்றுவிடும். யோசித்துக் கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். தெரிந்திருந்தால் பதினைந்து வினாடி.

கொடி விழுந்துவிட்டால் தோல்விதானா?

பெரும்பாலும் ஆமாம். எதிராளியிடம் ராஜா மட்டும் இருந்தால் டிரா, ஏனென்றால் எப்படி ஆடினாலும் அவரால் மேட் போட முடியாது. ஒரே ஒரு சிப்பாய் அவரிடம் இருந்தால்கூடப் போச்சு. உங்களிடம் ராணி இருந்தாலும் தோல்விதான்.

நேரம் இல்லாதபோது ஸ்கோர்ஷீட் எழுதாமல் விடலாமா?

கிளாசிக்கல் ஆட்டத்தில் 30 வினாடி அல்லது அதற்கு மேல் இன்கிரிமென்ட் இருந்தால் கடைசிவரை எழுத வேண்டும். அதைவிடக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தால், உங்களிடம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனதும் நிறுத்தலாம். ஆடுவதற்கு முன்னால் எழுதி வைக்கக் கூடாது. டிரா கோரும்போது மட்டும்தான் விதிவிலக்கு.

அவசரத்தில் விதிக்கு மாறான நகர்வை ஆடிவிட்டால்?

செக்கில் இருக்கும் ராஜாவை மறந்து வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டால், கிளாசிக்கலில் முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது தடவை தோல்வி. காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை, அதாவது நடுவரை, கூப்பிடுங்கள். அதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

நான் தோற்கிற நிலை, ஆனால் எதிராளிக்குத்தான் நேரம் இல்லை. வேகமாக ஆடலாமா?

கூடாது. நீங்களும் வேகமாக ஆடினால் உங்களுக்கு இருக்கும் ஒரே சாதகத்தை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் நேரத்தில் நீங்கள் யோசியுங்கள், அவருக்கு முடிவெடுக்க வேண்டிய கஷ்டமான நிலையைக் கொடுங்கள். காய்களைக் குறைக்காதீர்கள். ஸ்டாவாங்கரில் குகேஷ் செய்தது அதைத்தான்.

நிறைய பிளிட்ஸ் (சில நிமிட அதிவேக ஆட்டம்) ஆடினால் டைம் ட்ரபிள் போய்விடுமா?

கை வேகம் வரும், தெரிந்த நிலைகளை உடனே அடையாளம் காண்பீர்கள். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த தால் கிளப்பில் பிளிட்ஸ் ஆடி ஆடி வளர்ந்தவர். பின்னாளில் 2003-லும் 2017-லும் உலக ராபிட் (வேக ஆட்டம்) பட்டம் வென்றார். ஆனால் நம்மில் பலருக்குப் பிரச்சினை கை வேகம் இல்லை, முடிவெடுக்கத் தயங்குவது. பிளிட்ஸில் ஐந்து வினாடியில் ஆடுகிற அதே ஆள் கிளாசிக்கலில் அதே நகர்வுக்கு இருபது நிமிடம் எடுப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதற்கு 15 நிமிடமும் 10 வினாடி இன்கிரிமென்ட்டும் வைத்த ஆட்டங்கள்தான் என் அனுபவத்தில் நல்ல மருந்து.

ஜெயித்த ஆட்டத்தை விட்டுவிட்டுப் பிள்ளை அழுதுகொண்டு வெளியே வருகிறான். என்ன சொல்வது?

எதுவும் சொல்லாதீர்கள். "எப்படிடா அதைப் பார்க்காம விட்ட?" என்பதை மட்டும் சத்தியமாகக் கேட்காதீர்கள். செல்போனை எடுத்து இன்ஜினைத் திறக்கவும் வேண்டாம்.

2022 ஆகஸ்ட் 8, நாடுகளின் அணிகள் மோதும் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட், 10-ஆவது சுற்று. குகேஷுக்கு அப்போது 16 வயது. தொடர்ந்து முதல் 8 ஆட்டங்களையும் வென்றிருந்தார். உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெற்றி நிலை. நேரம் குறைய, அது கைநழுவி, ஒரே நகர்வில் குதிரையைப் பறிகொடுத்துத் தோற்றார். அவர் ஆடிய இந்தியாவின் இரண்டாவது அணிக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடந்த அந்த மோதல் 2-2 என்று முடிந்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. ஆட்டம் முடிந்தும் தலையைக் கையில் தாங்கி அவர் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கும். மறுநாள் கடைசிச் சுற்றில், ஜெர்மனிக்கு எதிராக, அதே முதல் போர்டில் போய் உட்கார்ந்தார். அணி 3-1 என்று வென்று வெண்கலம் வாங்கியது.

பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள், சாப்பிட ஏதாவது கொடுங்கள். அடுத்த ரவுண்டு எத்தனை மணிக்கு, எந்த போர்டு என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்கோர்ஷீட்டைப் பையில் பத்திரமாக வைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அவனே கேட்கும்போது எடுத்துக் கொடுத்து, நிமிடங்கள் எழுதியிருக்கிற ஓரத்தை அவனையே படிக்கச் சொல்லுங்கள்.